மினி டிராக்டரில் ரோட்டவேட்டர்: மாட்டும்போதும் கழற்றும்போதும் வரும் தொல்லைகள்

கம்பம் பக்கத் திராட்சைப் பந்தலுக்குள்ளும், பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும், வாழை வரிசைகளுக்கு நடுவிலும் ஓடுகிற 20 முதல் 30 குதிரைத்திறன் மினி டிராக்டருக்கு ஒரே வேலை என்று கிடையாது. காலையில் ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி), மதியம் டிரெய்லர், மறுநாள் கொக்கிக் கலப்பை, அடுத்து மருந்து டேங்க் என்று மாற்றி மாற்றி மாட்ட வேண்டியிருக்கும். இதில் அதிகம் படுத்துவது ரோட்டவேட்டர்தான். கலப்பைக்கு மூன்று பின் போட்டால் முடிந்தது. இதற்கு, டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டும் சேர்ந்துகொள்கிறது.

"கியர்பாக்ஸ்ல சத்தம்", "லிஃப்ட் வீக்கா இருக்கு", "ஷாஃப்ட் அடிக்குது" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிற பல இடங்களில் மெஷினில் கோளாறு ஒன்றும் இருக்காது, மாட்டிய விதத்தில்தான் இருக்கும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் மாட்டிய நான்கு இடங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்: இடது லோயர் லிங்க், வலது லோயர் லிங்க் (வண்டியின் பின்னால் கீழே உள்ள இரண்டு தூக்கும் கைகள்), டாப் லிங்க் (மேலே நடுவில் உள்ள கம்பி), பி.டி.ஓ. ஷாஃப்ட் (பி.டி.ஓ. என்பது இன்ஜின் சக்தியைப் பின்னால் கருவிக்குத் தரும் சுழல்தண்டு). நான் சொன்ன இந்த வரிசையிலேயே மாட்டுங்கள், இதற்குத் தலைகீழாகக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இடது பக்கத் தூக்குக் கம்பியின் நீளம் மாறாது, வலது பக்கத்தில்தான் திருகிக் கூட்டிக் குறைக்க வழி இருக்கும். மாறாததை முதலில் மாட்டினால் மாறுவதை அதற்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளலாம்.

லோயர் லிங்க் ஓட்டை பின்னுக்கு நேராக வரவில்லை

முதலில் பக்கவாட்டுச் செயின் இரண்டையும் தளர்த்துங்கள். போன முறை வேலை செய்தபோது இறுக்கியது அப்படியே இருக்கும். செயின் இறுகியிருந்தால் லிங்க் அசையாது, நாம் ரோட்டவேட்டரை அசைக்கக் கடப்பாறையைத் தேடுவோம். மூன்றடி அகல ரோட்டவேட்டர்கூடத் தனியாளாகத் தள்ளி நகர்த்துகிற எடை இல்லை. லிங்கை அசைப்பதுதான் சுலபம்.

இடது பக்கம் விழுந்துவிட்டது, வலது பக்கம் இரண்டு விரற்கடை மேலே நிற்கிறது என்றால் வலது தூக்குக் கம்பியைத் திருகி இறக்குங்கள். மேலும் கீழும் சரியாக இருந்து முன்பின்னாகத் தள்ளி நின்றால் வண்டி கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். ஏறி உட்கார்ந்து, மெதுவான கியரில் கொஞ்சம் முன்னால் போய்த் திரும்ப நேராக வாருங்கள். சோம்பேறித்தனப்பட்டு ஆளை நடுவில் நிறுத்தி "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று ரிவர்ஸ் எடுக்காதீர்கள். கிளட்ச்சிலிருந்து கால் வழுக்கினால் டயருக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்பவருக்குத் தப்ப வழியில்லை. சைகை காட்டுபவர் பக்கவாட்டில், ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கட்டும். வண்டி நின்று, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு உள்ளே போய் பின்னைப் போடலாம்.

பின் ஓட்டைக்குள் போகிறது, ஆனால் லொடலொடவென்று ஆடுகிறது என்றால் அளவு வேறு. பின் அளவை கேட்டகிரி என்று வகை பிரிப்பார்கள்: கேட்டகிரி 1 ரோட்டவேட்டரின் கீழ்ப் பின் 22 மி.மீ., கேட்டகிரி 2 என்றால் 28 மி.மீ. மினி டிராக்டர்களில் பொதுவாக முதல் வகைதான் இருக்கும். பெரிய வண்டிக்கு வாங்கிய கருவியை மாமன் மச்சானிடம் இரவல் வாங்கும்போதுதான் இந்தக் குழப்பம் வரும். சின்னப் பின்னைப் பெரிய ஓட்டையில் போடுவதானால் நடுவில் புஷ் போட வேண்டும். புஷ் இல்லாமல் ஓட்டினால் லிங்க் முனையில் உள்ள உருண்டை அடி வாங்கி விரிசல் விடும். பெரிய பின் சின்ன ஓட்டையில் போகாது. சுத்தியலால் அடித்து ஏற்றப் பார்ப்பது வீண்.

பின்னைப் போட்டதும், அது கழன்று வராமல் பிடிக்கும் லிஞ்ச் பின் போட மறக்காதீர்கள். தொலைந்துவிட்டது என்று ஆணியை வளைத்துச் செருகுவதும் கட்டுக்கம்பியைச் சுற்றுவதும் நம் ஊரில் சகஜம். ரோட்டவேட்டரின் அதிர்வுக்கு ஆணி நிற்காது. லிஞ்ச் பின் சின்னக் காசுதான், டூல் பாக்ஸில் ஐந்தாறு கிடக்கட்டும்.

ஷாஃப்ட் பல்லில் ஏற மறுக்கிறது

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பி.டி.ஓ. லீவரை நியூட்ரலில் வைத்த பிறகுதான் இந்த இடத்தில் கை வைக்க வேண்டும். ரோட்டவேட்டர் பக்க முனையை முதலில் மாட்டுங்கள். கத்திகள் தரையில் ஊன்றியிருப்பதால் அந்தப் பக்கம் சுற்றாது. டிராக்டர் பக்கத்துப் பல்தண்டை (பல் வெட்டிய பி.டி.ஓ. முனையை) கையால் கொஞ்சம் திருப்பினாலே பள்ளமும் மேடும் சேர்ந்துவிடும். சில வண்டிகளில் பி.டி.ஓ.வுக்கு பிரேக் இருக்கும், கையால் திருப்ப முடியாது. அவற்றில் ஷாஃப்டின் முனையில் கவை மாதிரி இருக்கும் யோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல் சேரும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

பல் சேர்ந்தும் ஏறவில்லை என்றால் யோக்கில் உள்ள லாக் பட்டனைப் பாருங்கள். காய்ந்த சேறு அதற்குள் இறுகியிருக்கும். டீசல் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, நாலைந்து முறை அமுக்கி விட்டால் பிடி விடும். பல் முனையில் பிசிறு இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்க்கலாம். சுத்தியலால் அடிக்கவே கூடாது. நீங்கள் அடிக்கிற ஒவ்வோர் அடியும் டிராக்டருக்குள் இருக்கும் பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு வாரம் கழித்து பி.டி.ஓ. வாயில் ஆயில் ஒழுகும்போது இந்த சுத்தியல் யாருக்கும் நினைவு வராது.

புதிதாக வாங்கிய ஷாஃப்ட் என்றால் பல்லை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 540 சுற்றுக்கான வழக்கமான பல்தண்டு 35 மி.மீ., 6 பல். அதே தடிமனில் 21 பல்லும் உண்டு, அது 1000 சுற்றுக்கானது. இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது.

ஏறியதும் பட்டன் முழுதாக வெளியே துள்ளி வந்திருக்கிறதா என்று பார்த்து, யோக்கைப் பிடித்து உங்கள் பக்கம் பலமாக இழுத்துப் பாருங்கள். "டக்" சத்தம் கேட்டது என்று விட்டுவிடாதீர்கள். பாதி மாட்டிய ஷாஃப்ட் ஓட்டத்தில் கழன்றால் அது சுழன்று எங்கே அடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஷாஃப்ட் மேல் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும், உறை கூடவே சுற்றாமல் பிடிக்கும் சின்னச் சங்கிலியையும் மாட்ட வேண்டும். 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. ஏழு சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஷாஃப்ட் அந்த வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணியை இழுத்துச் சுற்றும். நாலு முழ வேட்டி அவ்வளவுதான். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, முந்தானை இவற்றோடு ஓடுகிற ஷாஃப்ட் பக்கம் யாரும் போகக் கூடாது.

ஷாஃப்ட் நீளமாக இருக்கிறது, அல்லது தூக்கும்போது இடிக்கிறது

இந்தத் தொல்லைதான் அதிகச் செலவு வைப்பது. ரோட்டவேட்டரோடு வரும் ஷாஃப்ட் எந்த வண்டிக்கும் போடுகிற மாதிரி நீளமாக வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை என்று அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும். மாட்டும்போது எப்படியோ உள்ளே தள்ளி மாட்டிவிடலாம். லிஃப்டைத் தூக்கும்போது இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள தூரம் குறையும். குழாய் மேற்கொண்டு உள்ளே போக இடமில்லாமல் முட்டும். முட்டினால் ஒரு பக்கம் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங், மறுபக்கம் ரோட்டவேட்டர் கியர்பாக்ஸின் பினியன், இரண்டில் எது பலவீனமோ அது உடையும். "புது ரோட்டவேட்டர், மூணாவது நாளே கியர்பாக்ஸ் வெடிச்சிருச்சு" என்று புலம்புகிற இடத்தில் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

அளக்கும் விதம் இது. ஷாஃப்ட் இல்லாமல் ரோட்டவேட்டரை மூன்று பின்னிலும் மாட்டுங்கள். லிஃப்டை மெதுவாக ஏற்றி, டிராக்டர் பல்தண்டும் ரோட்டவேட்டர் பல்தண்டும் ஒரே மட்டத்தில் வரும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் தூரம் மிகக் குறைவாக இருப்பது அந்த இடத்தில்தான். அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து இன்ஜினை நிறுத்துங்கள். லிஃப்டை மட்டும் நம்பி அடியில் குனிய வேண்டாம். இப்போது ஷாஃப்டை இரண்டாக உருவி, ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை ரோட்டவேட்டரிலும் மாட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பாதியின் முனை எதிர்ப் பாதியின் யோக் பக்கத்தைத் தொடுவதற்கு ஓர் அங்குலமாவது முன்னால் நின்றுவிட வேண்டும். மிஞ்சுகிற நீளத்தைச் சாக்பீஸால் குறித்து, உள்குழாய், வெளிக்குழாய் இரண்டிலும் ஒரே அளவு வெட்டுங்கள். உறையையும் அதே அளவு வெட்டுங்கள். வெட்டிய வாயில் பிசிறு எடுத்து, இரும்புத் தூளைத் துடைத்து, கிரீஸ் தடவிச் சேருங்கள்.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். ரோட்டவேட்டரை முழுதும் இறக்கி, வேலை செய்யும் ஆழத்தில் வைத்தால் தூரம் கூடும். அப்போது ஒரு குழாய்க்குள் மறு குழாய் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் ஷாஃப்ட் குட்டை, வேறு வாங்குவதுதான் வழி. வெல்டு வைத்து நீட்டிய ஷாஃப்ட் நேராக ஓடாது.

மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

பேட்டரியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பி.டி.ஓ. லீவரைப் பாருங்கள். பல் சேர்க்கும்போது லீவரைத் தட்டி விட்டிருப்போம். பல வண்டிகளில் பி.டி.ஓ. கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி சேஃப்டி சுவிட்ச் இருக்கிறது. லீவர் நியூட்ரல், கியர் நியூட்ரல், கிளட்ச் முழுதாக மிதித்து முயன்றால் எடுத்துவிடும். அந்த சுவிட்ச் தொல்லை என்று ஒயரைச் சேர்த்து முறுக்கி விட்டவர்கள் உண்டு. சாவியைத் திருப்பியதும் ரோட்டவேட்டர் சுற்ற ஆரம்பிக்கும் வண்டி எனக்கு வேண்டாம்.

லிஃப்ட் தூக்கவில்லை

முந்தின நாள் டிரெய்லர் ஓட்டினீர்களா? டிப்பருக்கு ஆயில் போவதற்காகத் திருப்பிய வால்வு அப்படியே இருக்கும். ஆயில் அந்தப் பக்கமே போகும், லிஃப்டுக்கு வராது. அதைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. அது சரியாக இருந்தால் லீவர்களைப் பாருங்கள். பொசிஷன் லீவர் (கருவியை ஒரே உயரத்தில் பிடிப்பது), டிராஃப்ட் லீவர் (இழுவைக்கு ஏற்ப ஏற்றி இறக்குவது) என்று இரண்டு உள்ள வண்டியில் ரோட்டவேட்டரைப் பொசிஷன் லீவரில்தான் ஓட்ட வேண்டும். கலப்பை ஓட்டியவர் டிராஃப்ட் லீவரைக் கீழே விட்டுப் போயிருந்தால், சில வண்டிகளில் பொசிஷன் லீவரை எவ்வளவு தூக்கினாலும் அசையாது.

மூன்றாவது ஆயில் அளவு. டிரெய்லரின் ஜாக்கி நீட்டியபடி இருக்கும்போது ஹோஸைக் கழற்றினால் வண்டியின் ஆயில் ஒரு பங்கு அதிலேயே தங்கிவிடும். டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரி, இன்னும் தூக்கவில்லை என்றால் ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு வெறும் லிங்கைத் தூக்கிப் பாருங்கள். வெறும் லிங்க் ஏறுகிறது, சுமையோடு ஏறவில்லை என்றால் பிரஷர் பற்றவில்லை. ஃபில்டர் அடைப்பு, பம்ப், ரிலீஃப் வால்வு மூன்றில் ஒன்று. ஃபில்டரை நீங்களே மாற்றலாம், மற்ற இரண்டும் மெக்கானிக் வேலை.

தூக்கியது இறங்கவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் உள்ள ரெஸ்பான்ஸ் வால்வு முழுதாக மூடியிருக்கும். இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு அது. இறங்குகிறது, ஆனால் மண்ணில் ஆழம் போகவில்லை என்றால் ரோட்டவேட்டரின் ஸ்டாண்டை மடக்கினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறைய நடக்கிறது.

ஓடும்போது தடதடவென்று அடிக்கிறது

ஷாஃப்டை அளக்கவோ கிரீஸ் வைக்கவோ இரண்டாக உருவித் திரும்பச் சேர்த்த பிறகு இந்தச் சத்தம் வந்தால், காரணம் ஏறக்குறைய நிச்சயம்: யோக் திரும்பிப் போயிருக்கிறது. ஷாஃப்டின் நடுக்குழாயில் இரண்டு முனையிலும் உள்ள உள் யோக்குகள் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருந்தால் தப்பு. சதுரக் குழாய் ஷாஃப்டில் 90 பாகை மாற்றிச் சேர்க்க முடியும் என்பதால்தான் இந்தத் தவறு நடக்கிறது. வளைந்து ஓடும் ஜாயின்ட் ஒரே சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறையும். இரண்டு யோக்கும் நேராக இருந்தால் முதல் ஜாயின்டின் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது ஜாயின்ட் சமன் செய்துவிடும். மாறியிருந்தால் இரண்டும் சேர்ந்து கூட்டிவிடும். அதுதான் அந்தத் தடதட.

யோக் சரி, இருந்தும் அடிக்கிறது என்றால் டாப் லிங்கைப் பாருங்கள். மேலே சொன்ன சமன், இரண்டு ஜாயின்டும் ஒரே அளவு வளைந்தால்தான் நடக்கும். வேலை செய்யும் ஆழத்தில் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால், டிராக்டரின் பல்தண்டும் ரோட்டவேட்டரின் பல்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ரோட்டவேட்டர் முன்பக்கம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டோ பின்பக்கம் சாய்ந்தோ இருந்தால் டாப் லிங்கைத் திருகிச் சரிசெய்யுங்கள். சத்தம் மட்டுமில்லை, ஜாயின்டுக்குள் இருக்கும் சிலுவை பேரிங்கின் ஆயுளும் இதில்தான் இருக்கிறது.

வரப்பு ஓரத்தில் தூக்கித் திரும்பும்போது மட்டும் அடித்தால் தூக்குவது அதிகம். கத்தி மண்ணைவிட்டு வெளியே வந்தால் போதும், வானத்துக்குத் தூக்க வேண்டாம். லீவர் ஓடும் பள்ளத்தில் ஒரு ஸ்டாப்பர் திருகு இருக்கும், அதை அந்த உயரத்தில் இறுக்கிவிடுங்கள். ரோடு மேல் போக முழுதாகத் தூக்குவதானால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

மண்ணில் இறங்கினால் மட்டும் அதிர்கிறது, தூக்கிப் பிடித்தால் அமைதி என்றால் ஷாஃப்டை விட்டுவிட்டுக் கத்திகளைப் பாருங்கள். ஒன்று ஒடிந்திருக்கும், அல்லது இடது கத்தி வலது பக்கம் ஏறியிருக்கும். தென்னந்தோப்பில் மட்டை நாரும் சொட்டுநீர்க் குழாயும் ரோட்டார் முனையில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுக்கும். நிறுத்திவிட்டுக் கத்தியால் அறுத்தெடுங்கள்.

ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலாக

சிமென்ட் களத்தில் நிறுத்தி ரோட்டார் தண்டின் இரண்டு முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, வலது தூக்குக் கம்பியைத் திருகுங்கள். பக்கத்துச் சறுக்குத் தகடுகள் இரண்டும் ஒரே ஓட்டையில் இருக்கட்டும். டயரில் உரசினால் தளர்த்திய செயினைத் திரும்ப இறுக்க மறந்திருப்பீர்கள். கலப்பைக்கு விடுகிற ஆட்டம் ரோட்டவேட்டருக்கு வேண்டாம். தூக்கினால் ஸ்டீயரிங் லேசாகி முன்டயர் மிதப்பது போல் இருந்தால் முன்பக்க வெயிட் பற்றவில்லை.

கழற்றும்போது பின் வரவில்லை

டாப் லிங்க் பின் இறுகிக்கொண்டால் அதில் சுமை இருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் அடித்தால் பின்னின் தலை பூத்துப்போய் அடுத்த முறை இன்னும் மோசமாகும். டாப் லிங்கின் உடலைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். பின்னை இரண்டு விரலால் சுற்ற முடிகிற இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் அது தானாகவே கையோடு வந்துவிடும். லோயர் லிங்கிலும் இதே கதைதான்: லிஃப்ட் லீவரை ஒரு நூல் இறக்கினாலோ ஏற்றினாலோ சுமை போய்விடும்.

சுமை எந்த நிலையிலும் போகவில்லை என்றால் தரை சரியில்லை. மேடு பள்ளத்திலோ ஈர மண்ணிலோ கழற்ற முயன்றால் ரோட்டவேட்டர் ஒரு பக்கம் அழுந்தி எல்லாப் பின்னையும் கடித்துக்கொள்ளும். திரும்பத் தூக்கிக்கொண்டு போய்க் கெட்டியான சமதரையில் வையுங்கள். ஸ்டாண்டை இறக்கிப் பின் போட்ட பிறகே லிங்கைக் கழற்றுங்கள். டாப் லிங்கை எடுத்த நிமிடத்தில் ரோட்டவேட்டர் முன்னாலோ பின்னாலோ சாயப் பார்க்கும், கால் விரல்கள் அங்கே இருக்கக் கூடாது.

எல்லாம் கழன்றது என்று வண்டியை முன்னால் எடுப்பதற்கு முன் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஷாஃப்ட் இன்னும் மாட்டியிருக்கும்போது வண்டியை நகர்த்தினால் குழாய் உருவிக்கொண்டு வரும், உறை கிழியும். கழற்றிய ஷாஃப்டை மண்ணில் போடாமல் அதற்கான கொக்கியில் மாட்டுங்கள். டிராக்டர் பல்தண்டுக்கு மூடி போடுங்கள். பின்களை அதனதன் ஓட்டையிலேயே திரும்பச் செருகி வையுங்கள்.

மழைக்காலம் முழுதும் நிற்கப் போகிறதென்றால் கத்திகளுக்கு அடியில் பலகையோ செங்கல்லோ கொடுங்கள். வெறும் மண்ணில் நின்றால் இரண்டு மழைக்கு நாலு விரற்கடை இறங்கிவிடும். லிங்க் பின்கள் தரையோடு தாழ்ந்துபோய், மாட்டும் நாளில் வண்டியின் லோயர் லிங்கை எவ்வளவு இறக்கினாலும் அதற்குக் கீழே போகாது. அப்படி ஏற்கெனவே புதைந்து போயிருந்தால் ஜாக்கி வைத்து ஒரு பக்கமாகத் தூக்கிக் கட்டை கொடுத்து, பிறகு மறுபக்கம் தூக்குங்கள்.